பியானோவை விட்டு மண்ணைத் தொட்டவர்



மலருக்குக் கட்டுரை என்றதும் எடிசன், சர்.சி.வி. ராமன் என்று பலர் எழுதுவார்கள். நான் எழுதப்போவது செர்கெய் வினோகிராட்ஸ்கி பற்றி. நுண்ணுயிரியல் படிக்கிறவர்கள் உலகம் முழுக்க அறிந்த பெயர். எனக்கு அவரைக் காட்டியது நாலு செத்த மீன்கள்!

போன வருஷம் ராமநாதபுரத்து மாமா நாலு கரிமீன் குஞ்சுகள் கொண்டுவந்தார். லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீரில் வாழும் மீன். அப்பா தன் ஒருநாள் கூலியில் பழைய கண்ணாடித் தொட்டி வாங்கித் தந்தார். நான்தான் டிப்ளமோ படிக்கிறவனாச்சே! கடையில் பாட்டில் பாக்டீரியா வாங்கி, உப்புப் போட்டு, குளோரின் வாசம் போகாத குழாய்த் தண்ணீரில் அப்படியே ஊற்றி, அன்றைக்கே மீனை விட்டேன். ஐந்தாம் நாள் நாலும் மிதந்தன. எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சுட்டது. காரணம் தேடி நூலகம் போனேன். அங்கே கிடைத்தார் இந்த மனிதர்.

1856-இல் கீவ் நகரில் பிறந்தார். சட்டம் படிக்கச் சேர்ந்தார், பிடிக்கவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ப் பியானோ கற்றார், அதுவும் நிலைக்கவில்லை. பிறகுதான் இயற்கை அறிவியல். 1885-இல் ஸ்ட்ராஸ்பர்க் சென்று, கந்தகத்தை உண்டு வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்தார்.

அதற்கு முன்பே, 1877-இல், பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணல் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். சுமார் 20 நாள் கழித்துத்தான் அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் விட்டதும் நின்றுபோனது. ஆக, உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை அது! ஆனால் அந்த உயிரைப் பிரித்தெடுக்க முடியவில்லை. வழக்கமான ஜெலட்டின் உணவில் அது வளரவே இல்லை.

சூரிச் நகரில் வினோகிராட்ஸ்கி யோசனையை மாற்றினார். சத்தான உணவே வேண்டாம். அம்மோனியாவும் தாது உப்பும் போதும் என்றார். 1890-இல் வெற்றி! பிறகு சிலிக்கா ஜெல் மீதும் வளர்த்தார். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். வெயில் வேண்டாம், வேதிவினையே அவற்றுக்குச் சோறு.

1905-இல் ஓய்வு பெற்றார். 1917 புரட்சியில் சொத்தெல்லாம் போனது, நாட்டை விட்டு ஓடினார். 1922-இல், 66 வயதில், பாஸ்டர் நிறுவனம் அழைக்க, பிரான்சில் மறுபடி முதலிலிருந்து! 90 வயதைத் தாண்டி, 1949-இல், மண் நுண்ணுயிரியல் நூலை வெளியிட்டார். 1953-இல் மறைந்தார்.

படித்ததும் என் தப்பு விளங்கியது. பாட்டிலில் இருப்பது மருந்து இல்லை, உயிர். குளோரின் அதைக் கொல்லும். பூட்டிய அறையில் நம்ம மதுரை வெயிலும் கெடுக்கும். நல்லதண்ணிப் பாக்டீரியா உப்பு கூடினால் சுணங்கிவிடும். லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், அது பெருகி ஃபில்டரில் ஒட்டிக்கொள்ள நாள் பிடிக்கும்.

இரண்டாம் முறை குளோரின் நீக்கும் மருந்து விட்டேன். சமையல் உப்பை விட்டுக் கடல்மீன் தொட்டி உப்பைக் கரைத்தேன். காற்றுப் பம்ப் ஓடவிட்டு, பாட்டிலை ஊற்றி, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன். அது அழுகி அம்மோனியா ஏறியது, இறங்கியது. அடுத்து நைட்ரைட் ஏறியது, இறங்கியது. இரண்டும் பூஜ்யமாக ஐந்து வாரம் ஆச்சு. வெறும் தண்ணிக்கு எதுக்குடா தீனி என்று அப்பா சிரித்தார். பிறகு மாமா தந்த இரண்டு குஞ்சுகள் இன்றும் நீந்துகின்றன. தீனி போடுவது இப்போ அப்பாதான்.

நண்பர்களே! அரியர் விழுந்தால் நாம் எதற்கும் லாயக்கில்லை என்று நினைக்கிறோம். இரண்டு படிப்பை விட்ட மனிதர் மூன்றாவதில் உலகத்துக்கே வழி காட்டினார். வெளியே ஒன்றும் தெரியாத அந்த ஐந்து வாரமும் தொட்டிக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. நமக்குள்ளும் நடக்கட்டும்!