விரல் ஓய்ந்தும் ஓயாத இசை

உள்ளத்தில் இருப்பதை வெளியே கொண்டுவர முடியாத தவிப்பைத் தேர்வு அறையில் நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். அத்தவிப்பையே வாழ்க்கையாகக் கொண்டவர் ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமன்.

இவர் 1810ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஸ்விக்காவ் நகரில் பிறந்தார். தந்தையார் புத்தக வெளியீட்டாளர். பதினாறு வயதில் தந்தையை இழந்த ஷூமன், அன்னையின் விருப்பப்படி சட்டம் பயிலச் சென்றார். ஆனால் மனமோ பியானோவையே நாடியது. 1830இல் பாகனினியின் வயலின் இசையைக் கேட்டபின் சட்டத்தைக் கைவிட்டார். லைப்சிக் நகரில் பிரெடரிக் வீக் என்ற ஆசிரியரின் இல்லத்தில் தங்கிப் பியானோ பயின்றார்.

அவர் உள்ளத்தில் ஒலித்த இசைக்கு விரல்கள் ஈடுகொடுக்கவில்லை. மணிக்கணக்காகப் பயின்றார். விரலை வலுவாக்க ஒரு கருவியையும் பயன்படுத்தினார். பயன் என்ன? வலக்கை நடுவிரல் செயலிழந்தது. சிகிச்சைகள் பலிக்கவில்லை. 22 வயதிலேயே மேடைக் கனவு கலைந்தது.

எனினும் உள்ளிருந்த இசை கலையவில்லை. தம் கையால் வாசிக்க முடியாததைத் தாளில் எழுதத் தொடங்கினார். எந்தப் பியானோ தம்மைக் கைவிட்டதோ, அதற்காகவே பல ஆண்டுகள் எழுதினார் என்பதை எண்ணும்போது நாம் வியக்கிறோம். குழந்தைப் பருவத்தை நினைவூட்டும் 13 சிறு இசைப் படைப்புகளை 1838இல் இயற்றினார்.

அவ்விசைக்கு விரல் கொடுத்தவர் ஆசிரியரின் மகள் கிளாரா. வீக்கின் கடும் எதிர்ப்பால் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1840 செப்டம்பர் 12இல் இருவரும் மணந்தனர். 1845இல் டிரெஸ்டன் நகரில் ஷூமனின் பியானோ கான்செர்ட்டோ முதன்முதலில் அரங்கேறியபோது வாசித்தவர் கிளாராவே. மூத்த மகள் மேரியின் ஏழாவது பிறந்த நாளையொட்டி 1848இல் தொடங்கிய சிறுவர் இசைத் தொகுப்பைப் பியானோ பயிலும் பிள்ளைகள் இன்றும் வாசிக்கின்றனர்.

பின்னர் மனநோய் அவரை வாட்டியது. 1856 ஜூலை 29இல் பான் நகர் அருகே ஒரு மருத்துவமனையில் காலமானார். ஏழு பிள்ளைகளுடன் தனித்து நின்ற கிளாரா, ஊர் ஊராகச் சென்று கணவரின் இசையை வாசித்தார். 1896இல் மறையும்வரை அதைப் போற்றிக் காத்தார்.

இறைவன் தந்த தாலந்தை ஷூமன் புதைத்து வைக்கவில்லை. பிறர் கையில் ஒப்படைத்தார். நாம் விரும்பும் வாயில் அடைபடும்போது, அருகில் திறந்திருக்கும் சிறு வாயிலையும் நமக்குக் கைகொடுப்போரையும் காணக் கற்றுக்கொள்வோமாக!