பெ. தூரன்: நம் துறைக்கு முந்திய வாத்தியார்

உளவியல் முதுகலை முடித்துப் பள்ளிகளில் ஆலோசகராக இருக்கும் நம் பழைய மாணவர்களுக்கும், அதே கனவோடு இப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒருவரை அறிமுகம் செய்ய ஆசை. பெயரைச் சொன்னால், அட, அவர் பாட்டு எழுதினவராச்சே என்பீர்கள். கீர்த்தனை எழுதிய பெ. தூரனேதான்.

1908இல் மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். பெரியசாமி என்பது பெயர், தூரன் குலப்பெயர். நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்தார். 1931இல் பகத்சிங்கைத் தூக்கிலிட்டதும் பட்டத் தேர்வையே எழுத மறுத்துவிட்டார். அந்த வயதில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும், சொல்லுங்கள்!

கோபிசெட்டிபாளையம் வைரவிழாப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு, அவிநாசிலிங்கம் 1930இல் தொடங்கிய கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்துக்கு வந்து 1948 வரை பணி செய்தார், தலைமையாசிரியராகவும் இருந்தார். அது விடுதியோடு சேர்ந்த பள்ளி. அங்கே பிள்ளைகளை வகுப்பில் மட்டுமா பார்க்க முடியும்? சோற்றுத் தட்டின் முன்னால், விளையாட்டில், ஊர் நினைப்பில் அழும்போது, எல்லா நேரமும் பார்க்கலாம். நாம் இரண்டு வருஷப் படிப்பில் சில வாரம் களப்பயிற்சிக்குப் போய்வருவதை இதோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

பள்ளி உளவியலாளர் என்ற உத்தியோகமே அன்று நம் பக்கம் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை வந்ததே 1943இல்தான். அப்படிப்பட்ட காலத்து வாத்தியார், ஃப்ராய்டும் ஆட்லரும் பேசிய விஷயங்களை நம் வீட்டுத் தாய் தகப்பனுக்கும் புரிகிற தமிழில் எழுதினார். குழந்தை உள்ளம், அடிமனம், தாழ்வு மனப்பான்மை, மனமும் அதன் விளக்கமும்... தலைப்பைப் பார்த்தாலே விஷயம் பிடிபட்டுவிடும்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையனுக்குச் சோதனை வைத்து, ஆங்கிலத்தில் நாலு பக்க அறிக்கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குப் புரிந்தது அதிலிருந்த நுண்ணறிவு எண் ஒன்றுதான். இவனுக்குப் படிப்பு வராது போலிருக்குங்க, தறிக்கு அனுப்பிடலாங்களா என்று என்னிடம் வந்து நின்றார். உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். வாசிப்பில்தான் தடங்கல், புத்தியில் குறையில்லை என்பதைச் சொல்ல எனக்குக் கைகொடுத்தது பாடப்புத்தகத் தமிழ் அல்ல, தூரன் தமிழ். பையன் இப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.

அப்புறம் தூரன் செய்ததெல்லாம் ஊரறிந்தது. முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968க்குள் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். கையோடு குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதி. 1968இல் பத்மபூஷண். 1987 ஜனவரியில் காலமானார். பெரியவர்களுக்கான களஞ்சியத்தை முடித்த கையோடு குழந்தைகளிடம் திரும்பினார் பாருங்கள், அங்கேதான் பழைய வாத்தியார் தெரிகிறார்.

இந்தக் கட்டுரைக்காக நம் கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். உளவியல் அடுக்கில் அவர் புத்தகம் ஒன்றுகூட இல்லை. நூலகர் ஐயா தமிழ் இலக்கிய அடுக்கில் பார்க்கச் சொன்னார். அங்கே இரண்டு இருக்கின்றன, கடைசித் தட்டில்.