கோஷா ஆஸ்பத்திரியைத் தந்த டாக்டர் மேரி ஷார்லிப்

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். கோஷா என்றால் பர்தா. வாலாஜாபாத்துக்குப் பெயர் தந்த நவாப் முஹம்மது அலி வாலாஜா அரண்மனை கட்டிய சேப்பாக்கத்தை ஒட்டியே அது இருக்கிறது. அந்த மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தவர் டாக்டர் மேரி ஷார்லிப்.

1845-ல் லண்டனில் பிறந்த மேரி, வழக்கறிஞரான கணவருடன் 1866-ல் சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட முடியாத முஸ்லிம், இந்துப் பெண்கள் சிகிச்சையே இல்லாமல் பிரசவத்தில் இறந்துபோவதைக் கேட்டு அவர் மனம் கலங்கினார். பிள்ளைகளுக்குத் தாயான பிறகு 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த ஆண்டு அங்கே சேர்ந்த பெண்கள் நான்கு பேர்தான். 1878-ல் தேறிய அவர், லண்டனிலும் படித்து 1882-ல் பட்டம் பெற்று, மறு ஆண்டே சென்னைக்குத் திரும்பினார்.

1885-ல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கியது. முகம் மறைத்து வாழ்ந்த பெண்கள், தங்கள் வலியை இன்னொரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. உடல்நலம் கெட்டதால் 1887-ல் மேரி இங்கிலாந்து திரும்பினார். பெண்ணின் உடல்நலம் பற்றிப் பல நூல்கள் எழுதினார். 1930-ல் காலமானார்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1929-ல்தான். அவர் மருத்துவம் பார்த்த காலத்தில் தெரியாத பல விஷயங்கள் இன்று நமக்குத் தெரியும். சிறு வயதில் ஒற்றைத் தலைவலி ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. வயதுக்கு வந்த பின் பெண்களிடம் கூடி, வளர்ந்த பெண்களிடம் ஆண்களைவிட 2, 3 மடங்காகிறது. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அடிவயிற்று வலிக்குக் காரணம், கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்.

ஆகவே பள்ளிக்குப் போகும் மகள் தலைவலி என்று படுத்தால், படிக்கச் சோம்பல் என்று நாம் திட்டக் கூடாது. தலைவலி வந்த தேதியையும் மாதவிடாய்த் தேதியையும் 3 மாதம் ஒரு நோட்டில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவோம். நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம் மூன்றும் முக்கியம். கடையில் தானே மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் ஆகாது. மாதத்தில் 10, 15 நாள் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். திடீரென மிகக் கடுமையான தலைவலி, கழுத்து விறைப்புடன் காய்ச்சல், கை கால் பலவீனம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெட்கத்தால் வலியை மறைத்த பெண்களுக்காகத்தான் மேரி ஷார்லிப் பாடுபட்டார். இன்று பெண் மருத்துவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் பெண் பிள்ளைகள் வலியை முதலில் நம்மிடம் சொல்லும்படி வீட்டில் இடம் கொடுப்போம்.