ஒரு தாய் எஞ்சினியர் ஆன கதை

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை – புதூர்)



மின்சாரம் என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற பெயர்கள் ஃபாரடே, ஓம், எடிசன். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள். நம் சென்னையிலேயே பிறந்து, கிண்டியிலேயே மின்னியல் படித்து, இந்தியாவின் முதல் பெண் மின் எஞ்சினியர் என்று பெயர் வாங்கிய ஒருவரைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. அவர் பெயர் ஏ. லலிதா. அவர் படிக்கப் போனது கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கணவரையும் இழந்த பிறகுதான்!

லலிதா 1919-ஆம் வருஷம் ஆகஸ்டு 27-ஆம் தேதி சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவர் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். வீட்டில் ஆண் பிள்ளைகள் எஞ்சினியர் ஆகலாம், பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கல்யாணம். அந்தக் காலத்தில் படித்த குடும்பங்களிலும் அதுதான் வழக்கம். 1929-இல் வந்த சாரதா சட்டமே பெண்ணுக்கு 14 வயது ஆனால் போதும் என்றுதான் சொன்னது. லலிதாவுக்கு 1934-இல் கல்யாணம் ஆனபோது வயது 15. கல்யாணத்துக்குப் பிறகும் பத்தாவது வரை படிக்கட்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்ததால் அந்த மட்டும் படித்தார்.

1937-இல் ஒரு மகள் பிறந்தாள். குழந்தைக்கு நாலு மாசம் ஆகியிருந்தபோது கணவர் இறந்துபோனார். லலிதாவுக்கு அப்போது வயது 18. நம் வயது!

அந்தக் காலத்தில் ஒரு விதவையின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று நம் வீட்டு ஆச்சிகளைக் கேட்டால் தெரியும். நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது, நல்ல சேலை உடுத்தக் கூடாது, வீட்டு மூலைதான் உலகம். உடன்கட்டை ஏறுவதைச் சட்டம் போட்டு நிறுத்தியதே 1829-இல்தான். அதற்குப் பிறகு நூறு வருஷம் ஆகியும், உயிரோடு இருக்கிற பெண்ணை உயிரில்லாதவள் மாதிரி நடத்துவது மட்டும் நிற்கவில்லை.

லலிதா அந்த மூலையில் உட்காரவில்லை. அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தார். நானும் பிள்ளையும் யார் தயவிலும் இருக்கக் கூடாது, அதற்குப் படிப்பும் வேலையும் வேண்டும் என்று முடிவு பண்ணினார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அப்போதே நடைமுறையில் இருந்தது. ஆனால் டாக்டர் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் வந்து கதவைத் தட்டும். பிள்ளையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி ஒரு தொழில் வேண்டும் என்று நினைத்தார். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் இருந்த எஞ்சினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். பிள்ளை இருக்கிறதே, இனி எங்கே படிக்க என்று எல்லாரும் சொல்வார்கள். பிள்ளை இருக்கிறது, அதனால்தான் படிக்க வேண்டும் என்று லலிதா நினைத்தார். எந்தப் படிப்பு என்பதைக் கூட அந்தப் பிள்ளையை வைத்துத்தான் முடிவு செய்தார்.

கிண்டிக் கல்லூரி 1794-இல் ஒரு சர்வே பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. அதுவரைக்கும் ஒரு பெண் கூட அங்கே படித்தது கிடையாது. அப்பா கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். கல்வித்துறை இயக்குநர் ஸ்டாதமும் சம்மதித்தார். நூற்றுக்கணக்கான ஆண் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பெண்ணாக லலிதா போய்ச் சேர்ந்தார். ஹாஸ்டலில் தங்கிப் படித்தார். குழந்தை சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தது. வார லீவு வந்தால் பிள்ளையைப் பார்க்க ஓடுவார். நம் வகுப்பிலும் பெண் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறோம். ஒருத்தி தனியாக ஒர்க்‌ஷாப்பில் நிற்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஹாஸ்டலில் தாயை நினைத்து அழுகிறவர்கள் உண்டு. தான் பெற்ற பிள்ளையை நினைத்து அழுதுகொண்டு படிப்பது எப்படி இருந்திருக்கும்?

லலிதா ஒருவருக்காகக் கதவு திறந்ததும் நிர்வாகம் மற்ற பெண்களையும் சேர்க்க முன்வந்தது. லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று கேரளத்துப் பெண்கள் இரண்டு பேர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். திரேசியா பிற்பாடு 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இரண்டாம் உலகப் போர்க் காலம் என்பதால் படிப்பைச் சில மாதங்கள் குறைத்தார்கள். ஆகவே மூன்று பேரும் ஒன்றாகவே முடித்தார்கள். லலிதா பட்டம் பெற்றது 1943-இல். பட்டச் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்தது. அதில் ‘அவன்’ என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள்!

பட்டம் வாங்கியவுடன் வீட்டில் இருந்துவிடவில்லை. பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்தார். அது 1862-லிருந்து நடக்கிற பெரிய ஒர்க்‌ஷாப். ரயில் எஞ்சினும் இரும்பும் கரியும் உள்ள இடம். பிறகு சிம்லாவில் மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பில் வேலை பார்த்தார். அங்கே உடன்பிறந்தவர் வீட்டில் மகளோடு இருக்க முடிந்தது. லண்டன் மின் பொறியாளர் கழகத்தின் பரீட்சையையும் எழுதித் தேறினார்.

1946-இல் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவின் ஆராய்ச்சிக்குக் கொஞ்ச காலம் துணையாக இருந்தார். மின்சாரத்தால் வாசிக்கிற இசைக் கருவி, புகையில்லாத அடுப்பு என்று அப்பா பல ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பருத்திமாரை வைத்து அடுப்பெரித்துக் கண் கலங்குகிற எங்கள் கரிசல் காட்டுத் தாய்மாருக்குப் புகையில்லா அடுப்பின் அருமை தெரியும்! ஆனால் ஆராய்ச்சியில் நிலையான வருமானம் இல்லை. பிள்ளையை ஆளாக்க வேண்டும். எனவே 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியில் சேர்ந்தார். உடன்பிறந்தவர் குடும்பம் அந்த ஊரில் இருந்தது. மகள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தாள்.

அந்தக் கம்பெனியில் அவர் செய்த வேலை நாம் படிக்கிற பாடம்தான். டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன், சப்ஸ்டேஷன் லே-அவுட், புரொடெக்டிவ் கியர். லைனில் எங்கேயாவது கோளாறு வந்தால் ரிலே அதை உணர்ந்து சர்க்யூட் பிரேக்கரைத் தட்டிவிடும். கோளாறு உள்ள பகுதி மட்டும் துண்டிக்கப்படும், மற்ற ஊர்களுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் கணக்குப் போட்டுப் படம் வரைந்தவர் லலிதா. சட்லஜ் நதியில் 226 மீட்டர் உயரத்துக்குக் கட்டி 1963-இல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தாரே, அந்தப் பக்ரா அணையின் மின் உற்பத்தி வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

லண்டன் மின் பொறியாளர் கழகம் 1953-இல் அவரை இணை உறுப்பினராகவும், 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. பெண் எஞ்சினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு 1964 ஜூனில் நியூயார்க்கில் நடந்தது. அனுப்பிவைக்க இந்தியாவில் பெண் எஞ்சினியர்களுக்கு ஒரு சங்கம் கூட இல்லை. லலிதா தன் சொந்தப் பொறுப்பில் போய்க் கலந்துகொண்டார். 15 வயதில் கழுத்தை நீட்டிய பெண், 44 வயதில் கடல் கடந்து, உலகத்துப் பெண் எஞ்சினியர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்! 1967-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதியாக வேலை செய்தவரும் அவர்தான்.

கல்கத்தாக் கம்பெனியில் ஏறக்குறைய முப்பது வருஷம் உழைத்து 1977-இல் ஓய்வு பெற்றார். 1979 அக்டோபர் 12-இல், 60 வயதில் காலமானார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளை நன்றாகப் படிக்க வைத்து ஆளாக்கினார்.

நண்பர்களே! எங்கள் புதூர்ப் பக்கம் மிளகாயும் உளுந்தும் பருத்தியும் வானத்தை நம்பி விளைகிற பூமி. மழை தப்பினால் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார்கள். என் அம்மாவும் அப்படிப் போய்த்தான் எனக்குப் பீஸ் கட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்கள் தெருவில் எனக்கு மூத்த அக்கா ஒருத்தி உண்டு. பன்னிரண்டாவதில் கணக்கில் என்னை விட அதிக மார்க். இப்போது இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. நான் லீவுக்குப் போனால் என் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் புத்தகத்தை வாங்கி, பிள்ளை கிழித்துவிடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு புரட்டிப் பார்க்கிறாள். அவள் கதை முடிந்துவிட்டது என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? பன்னிரண்டாவது முடித்தவர்கள் நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. அதை நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் கேட்க வேண்டும் என்றாள்.

வீட்டில் கேட்க வேண்டும் என்கிற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது. லலிதா கெட்டிக்காரி, தைரியசாலி. அது உண்மை. ஆனால் அவருக்கு முதல்வரிடம் போய்ப் பேச ஒரு அப்பா இருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உடன்பிறந்தவர்களும் மதினிமாரும் இருந்தார்கள். அப்பா பேராசிரியராக இருந்ததால்தான் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். முதல்வரைத் தெரிந்திருக்க வேண்டுமானால் பேராசிரியராக இருக்க வேண்டும். மகள் பரீட்சை எழுதுகிற மூன்று மணி நேரம் பேரப் பிள்ளையை வைத்துக்கொள்ள எந்தப் பட்டமும் தேவையில்லை.

ஆகவே நம் கல்லூரி ஆண் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்கள் அண்ணன், தம்பி, கணவன், தகப்பன் என்று ஒரு வீட்டில் இருப்பீர்கள். ஒரு பெண் மறுபடியும் படிக்கிறேன் என்று வந்து நின்றால், பிள்ளையை வாங்கி உங்கள் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். தோழிகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணமோ பிள்ளையோ வந்தால் படிப்பு தள்ளிப் போகலாம், தப்பில்லை. விட்டுவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பதினெட்டு வயதில் எல்லாம் போய்விட்டது என்று ஊர் சொன்ன ஒருவர், அந்த வயதில்தான் தொடங்கினார்.