காமராஜரும் ஊர்ப் பேதமும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நமது ஜனங்களிடையே ஒரு விபரீதமான கேள்வி தலைதூக்குகிறது. ஓர் அபேட்சகர் இதுவரை என்ன செய்தார், இனி என்ன செய்வார் என்று விசாரிப்பதற்கு முன்பே, அவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரிக்கிறார்கள். தெற்கத்தியார் என்றால் முரடர். கொங்கு நாட்டார் என்றால் காசில் கண்ணானவர். தஞ்சைக்காரர் என்றால் சோம்பேறி. சென்னைவாசி என்றால் பேச்சில் வல்லவர், காரியத்தில் பூஜ்யம். இவ்விதமாக ஊருக்கு ஒரு குணத்தைக் கட்டிவைத்து, ஆளை முகம் பார்க்கும் முன்பே தீர்ப்பையும் எழுதிவிடுகிறார்கள்.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களிலும் இப்பேச்சு நடமாடுவதுதான் நமக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் பெரிய தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. இவற்றில் உழைக்க நெல்லையிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும், இன்று பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். இவ்வூர்களில் வசிப்போரில் எத்தனை பேருடைய பாட்டனார் இங்கே பிறந்தவர்? வந்தேறியவர்களே கட்டிய ஊரில் ஒருவரையொருவர் வெளியூரார் என்று ஏசுவது என்ன நியாயம்?

இவ்விஷயத்தைச் சிந்திப்பதற்குக் காலஞ்சென்ற தலைவர் காமராஜரின் சரித்திரத்தைப் போல் உதவக்கூடியது வேறொன்றில்லை. ஆவடி என்ற பெயரைத் தேச சரித்திரத்தில் ஏற்றியவர் அவர். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மகாநாடு ஆவடியில் கூடியபோது இம்மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் அவரே. தேபர் தலைமை வகித்த அம்மகாநாட்டில்தான் சோஷலிஸ மாதிரியிலான சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்ற தீர்மானம் நிறைவேறியது. மகாநாட்டு நகருக்குத் தமது அரசியல் ஆசானாகிய சத்தியமூர்த்தியின் பெயரே சூட்டப்பட்டதைக் கண்டு அவர் உள்ளம் பூரித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

காமராஜர் 1903 ஜூலை 15-ந் தேதி விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமனின் துணிக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். பையன் அரசியலில் ஈடுபட்டுக் கெட்டுப்போகிறானே என்று அஞ்சிய குடும்பத்தார் அவரைத் திருவனந்தபுரத்திலிருந்த மற்றொரு மாமனின் மரக் கடைக்கு அனுப்பினார்கள். அங்கும் அவர் மனம் கடையில் நிற்கவில்லை. வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் சத்தியாக்கிரகம் மூண்டபோது அதில் அவர் கலந்துகொண்டார். விருதுநகர்ப் பையனுக்குத் திருவிதாங்கூர்க்காரர்களின் தெருவில் என்ன அக்கறை என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தார். அது முதல் பல தடவைகளாக அவர் சிறையில் கழித்த காலம் சுமார் ஒன்பது வருஷங்கள். 1937-ல் சட்டசபை அங்கத்தினரானார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். சிறையில் இருக்கும்போதே சொந்த ஊர் நகரசபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், விடுதலையாகி வந்ததும் அப்பதவியை ராஜினாமாச் செய்துவிட்டார். தமக்கு இருக்கும் வேலைகளுக்கிடையே அதற்கு நியாயம் செய்ய இயலாது என்பதே அவர் கருத்து.

1954 ஏப்ரல் 13-ந் தேதி அவர் முதல் மந்திரியானார். அப்பொழுது அவர் பார்லிமெண்டு அங்கத்தினரேயன்றிச் சட்டசபை அங்கத்தினர் அல்லர். ஆறு மாதத்திற்குள் ஏதேனும் ஒரு தொகுதியில் வென்றாக வேண்டும். அவர் நின்ற இடம் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த குடியாத்தம். நெசவாளர் நிறைந்த அவ்வூருக்கும் விருதுநகருக்கும் பிறப்பால் யாதொரு சம்பந்தமும் கிடையாது. அவருடைய சமூகத்தாரும் அங்கே பெருந்தொகையினர் அல்லர். எதிர்த்து நின்றது கம்யூனிஸ்டுக் கட்சி. குடியாத்தம் வோட்டர்கள் அவரைப் பெருவாரியான வோட்டுக்களால் வெற்றிபெறச் செய்தார்கள்.

இதில் ஒரு நுட்பத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காங்கிரஸுக்குப் பகைவர்களாயிருந்த திராவிட இயக்கத்தாரும் அத்தேர்தலில் அவரை ஆதரித்தார்கள். பெரியார் அவருக்குப் பச்சைத் தமிழர் என்ற பட்டத்தையே அளித்தார். அன்பினால் அளித்த பட்டந்தான்; ஆயினும் அதுவும் பிறப்பை வைத்து ஆளை அளக்கும் கோலே. நமக்கு வேண்டியவரை உயர்த்த அக்கோலை எடுத்தோமானால், நாளைக்கு வேண்டாதவரைத் தாழ்த்தவும் அதே கோல் கையில் தயாராக இருக்கும். இதனை இன்று ஊர்ப் பேச்சுப் பேசும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்பது வருஷங்களுக்கு மேல் அவர் இம்மாகாணத்தை ஆண்டார். கிராமந்தோறும் பள்ளிக்கூடம், ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு, அணைக்கட்டுகள், தொழிற்சாலைகள் ஆகியவை அவர் ஆட்சியின் அடையாளங்கள். எந்த ஜில்லாவுக்கு எவ்வளவு என்று அவர் சொந்த ஊருக்குச் சலுகை காட்டியதாக அவரை எதிர்த்தவர்களும் குறை சொல்லவில்லை. 1963 அக்டோபரில் தாமே வகுத்த திட்டப்படி பதவி துறந்து, அடுத்த ஆண்டில் காங்கிரஸ் மகாசபையின் அக்கிராசனரானார்.

அங்கே வேறொரு பேதம் அவரை எதிர்கொண்டது. ஹிந்தி அறியாத தென்னாட்டார் அகில இந்தியாவை எவ்வாறு நடத்துவார் என்று முகம் சுளித்தவர்கள் பலர். நேரு மறைந்தபின் 1964-லும், சாஸ்திரி மறைந்தபின் 1966-லும் பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தை முன்னின்று நடத்தி முடித்தவர் இந்தத் தென்னாட்டாரேதான். அப்பதவியை அவரே ஏற்கவேண்டுமென்று சகாக்கள் வற்புறுத்தியபோது, பெரும்பாலான ஜனங்களோடு பேசுவதற்குரிய பாஷை தமக்கு இல்லை என்று காரணம் காட்டி மறுத்துவிட்டார். அவர் தம்மைப் பிறந்த இடத்தை வைத்து மதிப்பிடவில்லை. காரியத்திற்கு வேண்டிய கருவி தம்மிடம் உண்டா என்றே பார்த்தார். தகுதியைக் கேட்பது வேறு, பிறப்பைக் கேட்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமா?

பிறகு வந்தது 1967-ம் வருஷத்துத் தேர்தல். சொந்த ஊராகிய விருதுநகரிலேயே அவர் நின்றார். தெருவெல்லாம் தெரிந்த முகம். சமூகத்தாரும் நிறைந்த ஊர். ஆயினும் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் பெயர்பெற்ற மாணவர் தலைவர் ஸ்ரீ பெ. சீனிவாசனிடம் 1,285 வோட்டு வித்தியாசத்தில் தோற்றார். அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் ஜனங்களின் மனத்தைக் காங்கிரஸிடமிருந்து திருப்பியிருந்தன. நம்மூர்ப் பிள்ளை என்ற ஒரே காரணத்திற்காக விருதுநகர் வோட்டர்கள் அவருக்கு வோட்டளிக்கவில்லை. அம்முடிவு பலருக்கு வருத்தமளித்தது உண்மை. ஆனால் ஊரைப் பாராமல் கொள்கையைப் பார்த்த வோட்டர்களைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து 1969 ஜனவரியில் நாகர்கோவில் பார்லிமெண்டுத் தொகுதிக்கு உபதேர்தல் வந்தது. தெற்கெல்லைப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணி காலமானதால் காலியான ஸ்தானம் அது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்த ஜில்லா. தனி வழக்கமும் தனி அரசியலும் உடையது. அங்கே பிறவாத காமராஜரை அவ்வூரார் ஒரு லட்சத்திற்கும் அதிகமான வோட்டு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். 1971-ல் தமிழகமெங்கும் அவருடைய கட்சி வீழ்ந்தபோதும் நாகர்கோவில் அவரைக் கைவிடவில்லை.

நாகர்கோவிலில் ஜாதியல்லவா கைகொடுத்தது என்று சிலர் கேட்கக்கூடும். ஜாதியே ஜெயிக்கவைக்குமானால் விருதுநகரில் ஏன் தோற்கவேண்டும்? குடியாத்தத்தில் எவ்வாறு வென்றார்? பிறந்த ஊரில் தோல்வி, பிறவாத இரண்டு ஊர்களில் வெற்றி. இந்த மூன்று தேர்தல்களையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு விஷயம் விளங்கும். நல்ல மனிதர் என்றும் பயன்படுவார் என்றும் நம்பிய இடத்தில் ஜனங்கள் ஊரை மறந்தார்கள். அவர் கட்சிமீது கோபம் மூண்ட இடத்திலும் ஊரை மறந்தார்கள்.

1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, அவர் காலமானார். சொத்து என்று சொல்லத்தக்கது எதையும் அவர் விட்டுப்போகவில்லை.

அபேட்சகர் தொகுதியில் வசிப்பாரா, குறை சொல்லப் போனால் அகப்படுவாரா, ஏரியும் சாக்கடையும் எங்கே இருக்கின்றன என்று அறிவாரா என்று வோட்டர்கள் கேட்பது முற்றிலும் நியாயம். அக்கேள்விகளை உரக்கவே கேட்கட்டும். உள்ளூரில் பிறந்து, ஐந்து வருஷமும் முகம் காட்டாதவர்களை நாம் கண்டதில்லையா? பிறந்த ஊர் அக்கேள்விகளுக்கு விடையாகாது. பார்லிமெண்டுக்கு நிற்பவர் இந்தியாவின் எந்தத் தொகுதியிலும் வோட்டராக இருந்தால் போதும் என்று சட்டமே பொதுவாக இடம் வைத்திருக்கிறது. சட்டம் திறந்துவைத்த கதவை வதந்தியால் அடைப்பது ஜனநாயகத்திற்கு அழகன்று.

ஊழியர்களுக்கு நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். மேடையில் கொள்கையைப் பேசிவிட்டு, டீக்கடையிலும் திண்ணையிலும் எதிரி அபேட்சகரை வெளியூரான் என்று காதோடு காதாகச் சொல்லி வோட்டுச் சேர்ப்பது சுலபமான வழி. ஆனால் அவ்வாறு விதைத்த துவேஷம் தேர்தலோடு முடிவதில்லை. தொழிற்சாலை வாசலிலும் வாடகை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அது முளைக்கும். பிழைக்க வந்த ஏழையின் தலையிலேயே முதலில் விழும். சொந்தக் கட்சியார் அவ்வாறு பேசினாலும் அந்த இடத்திலேயே எழுந்து மறுக்கும் தைரியம் ஊழியர்களுக்கு வேண்டும். ஆவடியில் மகாசபையைக் கூட்டிய தலைவரின் படத்திற்கு வருஷந்தோறும் மாலை போடுகிறவர்கள், குடியாத்தத்து நெசவாளர்கள் அவரிடம் நடந்துகொண்ட மாதிரியே பிறரிடம் நடந்துகொள்வார்களாக.