நந்தன் பெயரைப் பள்ளிக்கு வைத்த துறவி
சிதம்பரம் சுவாமி சகஜானந்தர் வாழ்க்கை

கடலூரில் ரயில் ஏறினால் செம்மங்குப்பம் வயல்களைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேரலாம்.

சிதம்பரத்தில் இறங்குகிறவர்கள் நேராக நடராஜர் கோவிலுக்குப் போவார்கள். ஓமக்குளம் பக்கம் போகிறவர்கள் குறைவு.

ஓமக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் நந்தனார் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியை நிறுவியவர் ஒரு துறவி. அவர்தான் சுவாமி சகஜானந்தர்.

சின்ன வயதில் அவருக்குப் பெயர் முனுசாமி. ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள மேல்புதுப்பாக்கம் என்ற கிராமத்தில் 1890-ம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ந் தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம். தீண்டத்தகாதவர்கள் என்று ஊரார் ஒதுக்கி வைத்த சமூகம்.

அடே என்று ஒரு பெயர்

அந்தக் காலத்துக் கிராமம் எப்படி இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

பண்ணையார் வீட்டுப் பையனுக்கு வயது பத்து இருக்கும். அவன், தாத்தா வயதுள்ள பண்ணையாளை அடே என்று கூப்பிடுவான். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி என்று கைகட்டி நிற்பார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவே பெரிய மரியாதை. பல இடங்களில் ஜாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதைச் சொல்லுகிற விதத்திலேயே அது வசைச்சொல் ஆகிவிடும்.

பறை என்பது ஒரு தோல் கருவி. அதை வைத்து வந்த பெயரில் இழிவு ஏதும் இல்லை. இழிவு எல்லாம் அதைச் சொன்னவர்களின் வாயில் இருந்தது. அது கப்பல் ஏறி இங்கிலாந்துக்கும் போயிற்று. பாரையா என்று ஆங்கில அகராதியில் ஏறியது. எல்லோராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று அங்கே அதற்குப் பொருள். ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் அந்தச் சொல்லைக் கூசாமல் எழுதுகின்றன.

1893-ம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் பறையன். எதைச் சொல்லி ஏசினார்களோ, அதையே தலைப்பில் போட்டார்! அப்போது முனுசாமிக்கு மூன்று வயது.

அமெரிக்கர் பள்ளியில்

முனுசாமி திண்டிவனத்தில் அமெரிக்கப் பாதிரிமார்களின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். கெட்டிக்காரப் பையன் என்று பெயர் எடுத்தார்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள் இங்கே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே நேரத்தில் அவர்களுடைய நாட்டின் தென் மாநிலங்களில், கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார முடியாது. தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம். அது சட்டப்படி சரி என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1896-ல் தீர்ப்புச் சொன்னது. பள்ளிகளில் அது தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆயிற்று.

கறுப்பு மக்களைக் கூப்பிட அங்கேயும் ஒரு வசைச்சொல் உண்டு. மார்க் ட்வைன் எழுதிய ஹக்கிள்பெரி பின் என்ற புகழ்பெற்ற கதை 1885-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் அந்தச் சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. ஆனால் அந்தச் சொல்லால் அழைக்கப்படும் ஜிம் என்ற அடிமைதான் கதையில் மிக நல்ல மனிதன். இந்தப் புத்தகத்தைப் பள்ளியில் வைக்கலாமா, கூடாதா என்று அங்கே பல காலமாகச் சண்டை. 2011-ல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அடிமை என்று மாற்றி ஒரு பதிப்பே போட்டார்கள். அதற்கும் சண்டை வந்தது.

முனுசாமியின் கதைக்கு வருவோம்.

மதம் மாற அவருக்கு மனம் வரவில்லை. படிப்பு பாதியில் நின்றது. குடும்பம் பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தது. அவரும் அங்கே போனார். ஆனால் மனம் வேலையில் நிற்கவில்லை. ஞானத்தைத் தேடியது.

சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் என்ற துறவி இருந்தார். அவரிடம் சீடராகச் சேர்ந்தார். தமிழ் நூல்களையும் வடமொழியையும் கற்றார். குருநாதர் வைத்த பெயர்தான் சகஜானந்தர்.

1910-ம் ஆண்டு அவர் சிதம்பரம் வந்தார். அப்போது வயது இருபது. காவி உடுத்திய துறவிதான். ஆனாலும் நடராஜர் கோவிலுக்குள் அவர் சமூகத்தார் போக முடியாது.

யார் அந்த நந்தன்?

சிதம்பரத்தில் நந்தன் கதை தெரியாதவர் இல்லை.

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் அவர் திருநாளைப்போவார். ஆதனூர்க்காரர். கோவில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சிதம்பரத்தை நினைத்தே நாளை ஓட்டினார். அதனால் அந்தப் பெயர்.

அந்தப் புராணத்தில் பண்ணையார் யாரும் இல்லை. நூற்றாண்டுகள் கழித்துக் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடினார். 1860-களில் அது அச்சில் வந்தது. அதில்தான் வேதியர் என்ற பண்ணையார் வருகிறார். நந்தனை ஜாதி சொல்லி ஏசுகிறார். நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார்.

பாரதியார் தாமே அந்தணர். என்றாலும் தம் கதையில் ஏசுகிறவரைக் கடைசியில் நந்தன் காலில் விழ வைத்தார். நாட்டு வழக்கில் இருந்த வசையை அவர் மறைக்கவில்லை. கதை கேட்டவர்கள் நந்தனுக்காக அழுதார்கள். 1935-ல் கே.பி.சுந்தராம்பாளும், 1942-ல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களைப் பார்த்தும் அழுதார்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய், தங்கள் பண்ணையாளை அடே என்று கூப்பிட்டார்கள். அதுதான் வேடிக்கை!

25 பிள்ளைகள்

நந்தன் தீயில் இறங்கிய இடம் ஓமக்குளம் என்பது ஊர் நம்பிக்கை. 1916-ம் ஆண்டு சகஜானந்தர் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார். சேர்ந்த பிள்ளைகள் சுமார் 25 பேர்.

பள்ளிக்கு வைக்க எத்தனையோ சாமி பெயர்கள் இருந்தன. அவர் நந்தன் பெயரை எடுத்தார். கதையில் ஏச்சு வாங்கியவனின் பெயர் வாசல் பலகையில் ஏறியது. அதுவும் ஆர் விகுதியோடு, நந்தனார் என்று!

படிப்பு மட்டும் போதாது, சோறும் வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி வைத்தார். அதற்காக ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார். துறவிக்குப் பிச்சை எடுப்பது வழக்கம்தானே! அவர் பிள்ளைகளுக்காக எடுத்தார்.

1922-ம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் எம்.சி.ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பழைய ஜாதிப் பெயர்களை அரசாங்க ஏடுகளில் எழுதக்கூடாது, தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் என்றே எழுதவேண்டும் என்பது தீர்மானம். அது நிறைவேறியது. ஏட்டில் பெயர் மாறியது. தெருவில் மாற இன்னும் நாள் ஆயிற்று.

1926-ல் சகஜானந்தரும் சட்டசபை உறுப்பினர் ஆனார். காவி உடையோடு போய், பள்ளிக்கூடம், குடிதண்ணீர்க் கிணறு, வீட்டுமனை என்று கேட்டார். 1927-ல் காந்தியடிகள் சிதம்பரம் வந்து நந்தனாரைப் பற்றிப் பேசினார்.

கோவில் கதவு திறக்க மேலும் இருபது ஆண்டு ஆயிற்று. 1947-ம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. சகஜானந்தர் சிதம்பரத்துக்கு வந்து அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாளைப்போவார் கதையைவிட இது நீளம்.

1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் வந்தது. இரண்டையும் அவர் கண்ணால் பார்த்தார். பொது இடத்தில் ஜாதி சொல்லி ஏசினால் சிறை என்ற 1989-ம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்க அவர் இல்லை.

1952-லும் 1957-லும் சிதம்பரம் தொகுதி மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். பண்ணையாட்களும் ஓட்டுப் போட்டார்கள், பண்ணையார்களும் ஓட்டுப் போட்டார்கள். 1959-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி சுவாமிகள் காலமானார்.

சிதம்பரத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பிறந்த நாளை அரசு விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

25 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி இன்று அரசு மேல்நிலைப் பள்ளி. பெண்களுக்கும் தனியாக நந்தனார் பள்ளி உண்டு. இங்கே படித்து முடித்துப் போகிற பிள்ளைகள் கையில் ஒரு சான்றிதழ் வாங்கிப் போகிறார்கள். அதில் அவர்களுடைய பெயரோடு நந்தனார் பெயரும் அச்சாகி இருக்கிறது.