கிண்ணத்தில் வாழும் சார்ல் சிமோன்

செவ்ரானில் உதைபந்தாட்டம் ஆடும் நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் கிண்ணம் நன்கு தெரியும். தோற்றால் வெளியேற வேண்டிய போட்டி அது. அதன் ஆரம்பச் சுற்றுகளைப் பிராந்திய லீக்குகளே நடத்துகின்றன. சிறிய ஊர்க் கழகங்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன. ஆனால் அக்கிண்ணம் யார் நினைவாக உருவானது என்று நாம் அதிகம் பேசுவதில்லை.

சார்ல் சிமோன் 1882இல் பாரிசில் பிறந்தவர். கத்தோலிக்க இளையோர் விளையாட்டுச் சங்கங்களில் உழைத்தவர். அக்காலத்தில் பிரெஞ்சு உதைபந்தாட்டம் பல சம்மேளனங்களாகப் பிரிந்து கிடந்தது. அவற்றை ஒன்றிணைக்க 1907இல் ஒரு பொதுக்குழுவை அமைப்பதில் அவர் முன்னின்றார். முதலாம் உலகப்போரில், 1915 ஜூனில், அராஸ் நகரருகே களத்தில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 32.

1917இல் அக்குழு அவர் நினைவாகக் கிண்ணப் போட்டியை அறிவித்தது. எந்தச் சம்மேளனத்தைச் சேர்ந்த கழகமும் பங்குபற்றலாம் என்றானது. முதல் ஆண்டில் 48 கழகங்கள் மோதின. 1918 மே மாத இறுதியாட்டத்தில், நம் 93ஆம் மாவட்டத்தில் இன்று உள்ள பொந்தன் நகரின் ஒலிம்பிக் கழகம், லியோன் கழகத்தை 3-0 என வென்றது. மறு ஆண்டில் அக்குழுவே பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனமாயிற்று.

2000இல் நான்காம் நிலைக் கழகமான கலே இறுதியாட்டம் வரை வந்ததும் இந்தத் திறந்த வாசலால்தான். சிமோன் அதில் ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறைந்தோர் பெயரில் கிண்ணம் வைத்து ஆடும் நமக்கு அவர் அந்நியரல்லர்.